‘கதைத்திருப்பேன்’ என்பதை ஸ்பானியத்தில் சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி இணையவழி ஸ்பானியம் படிப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. டொரன்டோவிலும் லண்டனிலும் பள்ளியில் ஸ்பானியத்தைப் பாடமாக எடுத்திருக்கும் பெறாமக்களுக்கும் மருமக்களுக்கும் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் சித்திமார், மாமாமார் கேட்டவையும் இதில் உண்டு. பாடம் ஒன்றுதான்: ஒழுங்கான ஒரு ஸ்பானிய வினைச்சொல்லை கொண்டிஷனல் பெர்ஃபெக்ட் காலத்தில் திரிப்பது. ஸ்பானியப் பாடநூல்கள் இதை கொந்திசியொனால் கொம்புவெஸ்தோ அல்லது கொந்திசியொனால் பெர்ஃபெக்தோ என்று அழைக்கின்றன.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். சொல்லின் நடுவில் இரண்டு உயிரொலிகளுக்கிடையே வரும் ஒற்றைத் தகரத்தை ‘அது’, ‘பாதை’ என்பதில் வருவது போல மெல்லச் சொல்லுங்கள். ஸ்பானியர் அந்த இடத்தில் ஒலிப்பதும் அதேதான், நமக்கு இது இலவசமாகக் கிடைத்த உச்சரிப்பு. ‘அப்ரீயா’ என்பதில் உள்ள ‘ப்’ தம்பியில் வரும் பகரம். சொல்லின் தொடக்கத்தில் வகரம் எழுதியிருக்கும் இடங்களிலும் அதே பகர ஒலிதான், ஏனென்றால் ஸ்பானியத்தில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் ஒரே ஒலி.

இந்தக் காலம் எதற்கு? எப்போது பயன்படும்?

நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்காமல் போனது. முதன்மையான வேலை அதுதான். ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதில் ‘வந்திருப்பேன்’ என்ற பகுதிக்கு ஸ்பானியத்தில் இந்தக் காலம் வரும்: ‘சி மே லோ உபியேராஸ் தீச்சோ, அப்ரீயா வெனீதோ.’

வேறு இரண்டு மூன்று வேலைகளும் இதற்கு உண்டு. அவை கீழே வருகின்றன.

எப்படி அமைக்க வேண்டும்?

இரண்டு துண்டுகள். முதல் துண்டு அபேர் என்ற துணைவினையின் நிபந்தனை வடிவம். ஆள் யார் என்று காட்டுவது அதுதான். இரண்டாவது, முதன்மை வினையின் எச்சம். அது யாருக்காகவும் மாறாது.

எச்சம் அமைப்பது எளிது. ஆர் என்று முடியும் வினையில் அந்த முடிவை எடுத்துவிட்டு ஆதோ போடுங்கள்: அப்லார் (கதை) என்பது அப்லாதோ ஆகும். ஏர், ஈர் என்று முடிபவை இரண்டுக்கும் ஈதோ: கொமேர் (சாப்பிடு) கொமீதோ ஆகும், சுபீர் (ஏறு) சுபீதோ ஆகும். முழுத் திரிபு இப்படி வரும்:

யோ அப்ரீயா அப்லாதோ – நான் கதைத்திருப்பேன்
தூ அப்ரீயாஸ் அப்லாதோ – நீ கதைத்திருப்பாய்
எல், எயா, உஸ்தேத் அப்ரீயா அப்லாதோ – அவன் கதைத்திருப்பான், அவள் கதைத்திருப்பாள், (மரியாதையாக ஒருவரிடம்) நீங்கள் கதைத்திருப்பீர்கள்
நொசோத்ரோஸ் அப்ரீயாமோஸ் அப்லாதோ – நாங்கள் கதைத்திருப்போம்
வொசோத்ரோஸ் அப்ரீயாயிஸ் அப்லாதோ – நீங்கள் (பலர், நெருக்கமாக) கதைத்திருப்பீர்கள்
எயோஸ், உஸ்தேதேஸ் அப்ரீயான் அப்லாதோ – அவர்கள் கதைத்திருப்பார்கள், (பலரிடம்) நீங்கள் கதைத்திருப்பீர்கள்

கொமேர் வேண்டுமென்றால் அப்லாதோவை எடுத்துவிட்டு கொமீதோவை வையுங்கள். சுபீர் என்றால் சுபீதோ. இடப்பக்கத்தில் ஒரு எழுத்தும் மாறாது. ஆறு வடிவங்களைப் பாடமாக்கினால் மொழியில் உள்ள எல்லா வினைகளுக்கும் போதும்.

எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஆச்சே என்ற எழுத்து இருக்கிறது, அதற்கு ஒலி இல்லை. நடுவில் வரும் ‘ஈ’ ஒலிக்குரிய எழுத்தின் மேல் சிறு சாய்கோடு ஆறு வடிவங்களிலும் கட்டாயம். அந்தக் கோட்டை விட்டால் அழுத்தம் இடம் மாறிவிடும், எழுத்துப் பிழையாகவும் புள்ளி குறையும்.

பாடநூலில் இது மிகக் கடினம் என்று போட்டிருக்கிறதே?

ஆங்கிலம் வழியாகப் படித்தால் கடினமாகத்தான் தெரியும். தமிழ் வழியாகப் பாருங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது.

‘கதைத்திருப்பேன்’ என்ற சொல்லைப் பிரியுங்கள்: கதைத்து, இரு, ப்ப், ஏன். ‘கதைத்து’ என்ற எச்சம் யாருக்கும் மாறுவதில்லை. நான், நீ, அவள், அவர்கள் என்று யார் வந்தாலும் ‘கதைத்து’ அப்படியே நிற்கும். மாறுவது ‘இரு’ என்ற துணைவினையின் வால்: இருப்பேன், இருப்பாய், இருப்பாள், இருப்பார்கள். ஸ்பானியத்திலும் அப்லாதோ அப்படியே நிற்கிறது, அபேர் மட்டும் மாறுகிறது. வரிசை மட்டும் தலைகீழ்: நமக்குத் துணைவினை பின்னால் ஒட்டிக்கொண்டு வரும், அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கும்.

நம் பேச்சுவழக்கில் வைத்துப் பழகினால் இன்னும் நன்றாக ஒட்டும். நான் கதைச்சிருப்பன் என்றால் அப்ரீயா அப்லாதோ. அவையள் கதைச்சிருப்பினம் என்றால் அப்ரீயான் அப்லாதோ. நாங்கள் கதைச்சிருப்பம் என்றால் அப்ரீயாமோஸ் அப்லாதோ. வீட்டில் வாயில் வருகிற வடிவத்தோடு இணைத்துப் படியுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றி, ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு ஸ்பானியத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

‘இரு’ என்பதற்கு ஸ்பானியத்தில் எஸ்தார் அல்லவா? எஸ்தரீயா அப்லாதோ என்று சொல்லலாமா?

கூடாது. தமிழ் பேசுபவர்களுக்கு எளிதில் வரும் பிழை இது, ஆனால் ஆங்கிலம் வழியாக எழுதிய பாடநூல்கள் எச்சரிப்பதில்லை. வீட்டில் இரு, கதிரையில் இரு என்பதற்கெல்லாம் எஸ்தார் சரி. நிறைவைக் காட்ட உதவும் ‘இரு’வுக்கு ஸ்பானியத்தில் அபேர் மட்டும்தான். வந்திருப்பேன், சாப்பிட்டிருப்பேன், ஏறியிருப்பேன் எல்லாவற்றிலும் உள்ள ‘இருப்பேன்’ அப்ரீயா.

தெனேர் என்ற வினையும் இங்கே வராது. போர்த்துக்கேயம் கொஞ்சம் தெரிந்தவர்கள் அதைப் போடப் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த மொழியில் இந்த வேலையைச் செய்வது அதன் உறவுச் சொல்தான். ஸ்பானியத்தில் தெனேர் என்றால் உடைமை.

‘வந்திருப்பான்’ என்றாலே எப்போதும் அப்ரீயா போடலாமா?

இல்லை. இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ் நமக்குச் செய்யும் உதவி இங்கே வலையாக மாறுகிறது.

தமிழில் ‘வந்திருப்பான்’ இரண்டு வேலை செய்கிறது. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பான்’ என்றால் அவன் வரவில்லை. ‘இந்நேரம் வந்திருப்பான், போய்ப் பார்’ என்றால் வந்துவிட்டான் என்று ஊகிக்கிறோம். ஸ்பானியம் இந்த இரண்டையும் பிரிக்கிறது. முதலாவதற்கு அப்ரீயா வெனீதோ. இரண்டாவதற்கு அப்ரா வெனீதோ. இந்த அப்ரா எதிர்கால வடிவம், அழுத்தம் கடைசி அசையில் விழும்.

ஒரு வாக்கியம் எழுதுமுன் அதன் பின்னால் ‘ஆனால் நடக்கவில்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் அப்ரீயா. ‘என்று நினைக்கிறேன்’ என்பது பொருந்தினால், பேசுவது இன்றைய நிலையைப் பற்றி என்றால், அப்ரா. ‘யாழ்தேவி இந்நேரம் வவுனியாவைத் தாண்டியிருக்கும்’ என்பதற்கு அப்ரா. ‘வழியில் நிற்காமல் வந்திருந்தால் வவுனியாவைத் தாண்டியிருக்கும்’ என்பதற்கு அப்ரீயா.

ஊகிக்கும் இடமே கடந்த காலத்தில் இருந்தால் மறுபடி அப்ரீயா வரும். ‘நாங்கள் போன நேரம் அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பார்கள், அதுதான் எதையும் தொடவில்லை’ என்று நேற்றைய விஷயத்தை இன்று ஊகித்தால், ‘யா அப்ரீயான் கொமீதோ.’ இங்கே ‘ஆனால் நடக்கவில்லை’ பொருந்தாது, ஆனாலும் அப்ரீயாதான். நாங்கள் போனது, அவர்கள் தொடாதது என்று பக்கத்தில் நிற்கும் வினைகள் கடந்த காலத்தில் இருப்பதே அடையாளம்.

‘சொல்லியிருந்தால்’ என்ற பகுதியிலும் அப்ரீயா போடலாமா?

போடக்கூடாது. ‘சி’ என்று தொடங்கும் நிபந்தனைப் பகுதிக்கு வேறு வடிவம்: உபியேரா, உபியேராஸ், உபியேரா, உபியேராமோஸ், உபியேராயிஸ், உபியேரான். அதற்குப் பின்னால் அதே எச்சம். ‘இருந்தால்’ என்று வரும் இடத்தில் உபியேரா, ‘இருப்பேன்’ என்று வரும் இடத்தில் அப்ரீயா என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டும் ஒரே ‘இரு’வின் இரண்டு வடிவங்கள், ஸ்பானியத்தில் இரண்டும் ஒரே அபேரின் இரண்டு வடிவங்கள்.

2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை இங்கே விடிய விடியப் பேசியவர்கள் பலர். மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் பிரான்சின் கோலோ முவானி அடித்த பந்தை ஆர்ஜென்டீனாவின் காப்பாளர் எமிலியானோ மார்த்தீனெஸ் காலை நீட்டித் தடுத்தார். அப்போது 3–3. பிறகு பெனால்டியில் 4–2 என்று ஆர்ஜென்டீனா வென்றது. சந்தியில் நின்று நாம் சொன்ன வாக்கியம்: ‘மார்த்தீனெஸ் அந்தப் பந்தைத் தடுத்திருக்காவிட்டால் பிரான்ஸ் வென்றிருக்கும்.’ ஸ்பானியத்தில்: ‘சி மார்த்தீனெஸ் நோ உபியேரா பராதோ எசே பலோன், ஃபிரான்சியா அப்ரீயா கனாதோ.’ பரார் (தடு), கனார் (வெல்) இரண்டும் ஒழுங்கான ஆர் வினைகள். இந்தக் காலத்தை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்பவருக்கு நிலைமை ஏற்கெனவே தெரியும், இலக்கணம் மட்டும் புதிது.

இன்னொரு வாக்கியம் நமக்கு எல்லோருக்கும் தெரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டது. அங்கிருந்த நூல்கள் 97,000க்கு மேல், ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. ‘நூலகத்தை எரித்திருக்காவிட்டால் அந்த நூல்களை நாங்கள் வாசித்திருப்போம்’: ‘சி நோ உபியேரான் கெமாதோ லா பிப்லியொத்தேக்கா, அப்ரீயாமோஸ் லெயீதோ எசோஸ் லீப்ரோஸ்.’ எரித்தவர் யார் என்று சொல்லாமல் உபியேரான் என்ற பன்மையை மட்டும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். செய்தவரைப் பெயரிடாமல் பேச ஸ்பானியத்தில் இது வழக்கமான முறை.

(லெயேர் என்ற வினையின் எச்சம் லெயீதோ. எச்சம் ஒழுங்கானதே, ஆனால் ஈதோவுக்கு முன்னால் ஆ, ஏ, ஓ ஒலி வந்தால் ‘ஈ’ எழுத்தின் மேல் சாய்கோடு போட வேண்டும். விழு என்ற பொருள் தரும் கயேர், கொண்டுவா என்ற பொருள் தரும் த்ரயேர் இரண்டுக்கும் இதே விதி.)

ஸ்பானியர்கள் இரண்டு பக்கமும் உபியேரா போடுவதைக் கேட்டேன். பிழையா?

பிழை இல்லை. முதன்மைப் பகுதியில் அப்ரீயாவுக்குப் பதிலாக உபியேரா வருவதை இலக்கணம் ஏற்கிறது, பேச்சில் மிகவும் சாதாரணம். ஆனால் மறுபக்கம், அதாவது ‘சி’க்குப் பின்னால் அப்ரீயா வருவது ஸ்பெயினின் வடபகுதிகள் சிலவற்றில் கேட்கக்கூடியது என்றாலும் பொது வழக்கு அதை ஏற்பதில்லை. தேர்வில் எழுதினால் பிழைதான். தொடக்கத்தில் உபியேரா ஒரு பக்கம், அப்ரீயா ஒரு பக்கம் என்று கண்டிப்பாகவே பழகுங்கள்.

எதிர்மறை எப்படி?

முன்னால் நோ. அவ்வளவுதான். தமிழில் ‘கதைத்திருக்க மாட்டேன்’, ‘வென்றிருக்காது’ என்று வடிவமே மாறும். ஸ்பானியத்தில் ‘நோ அப்ரீயா அப்லாதோ’.

அபேருக்கும் எச்சத்துக்கும் நடுவில் எதையும் செருகாதீர்கள். அதை, என்னை, அவருக்கு போன்ற சிறு சொற்கள் அப்ரீயாவுக்கு முன்னால் வரும்: ‘லோ அப்ரீயா கொம்ப்ராதோ’ (அதை வாங்கியிருப்பேன்), ‘நோ லோ அப்ரீயா கொம்ப்ராதோ’ (அதை வாங்கியிருக்க மாட்டேன்).

பெண் பேசினால் அப்லாதா என்று மாற வேண்டுமா?

வேண்டாம். அபேரோடு வரும் எச்சம் எப்போதும் ஓகாரத்தில் முடியும். எயா அப்ரீயா அப்லாதோ. எயாஸ் அப்ரீயான் அப்லாதோ.

நீ, நீர், நீங்கள் என்று நமக்கு மூன்று இருக்கிறதே. எதற்கு எது?

நீ என்பதற்கு தூ. பெரியவர், அறிமுகமில்லாதவர், அலுவலகத்தில் இருப்பவர் என்றால் உஸ்தேத். உஸ்தேத் அவன், அவள் என்பதற்குரிய வடிவத்தையே எடுக்கும்: உஸ்தேத் அப்ரீயா அப்லாதோ. ‘நீங்கள்’ என்றதும் பன்மை வடிவத்துக்குத் தாவுவது நம் பழக்கம். ஒருவரிடம்தான் பேசுகிறீர்கள் என்றால் அந்தத் தாவலை நிறுத்துங்கள். நம் ‘நீர்’ போன்ற இடைநிலை பாடநூல் ஸ்பானியத்தில் இல்லை, சம வயது என்றால் தூ போதும்.

வொசோத்ரோஸ் ஸ்பெயினில் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்கா முழுவதும் பலரிடம் பேச உஸ்தேதேஸ்தான், ஆகவே அப்ரீயாயிஸ் அங்கே தேவைப்படாது. ஆர்ஜென்டீனாவில் நெருக்கமானவரை வொஸ் என்பார்கள், இந்தக் காலத்தில் அதற்கும் அப்ரீயாஸ்தான்.

அப்ரீயா என்ற ஒரே வடிவம் நான், அவன், அவள், உஸ்தேத் நால்வருக்கும் பொது. தமிழில் வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம், இங்கே முடியாது. குழப்பம் வரக்கூடிய இடத்தில் யோ, எல், எயா என்று எழுவாயைச் சொல்லிவிடுங்கள்.

‘ஐந்து மணிக்குள் முடித்திருப்பேன் என்று சொன்னான்’ – இதை எப்படிச் சொல்வது?

‘தீஹோ கே பாரா லாஸ் சீன்க்கோ அப்ரீயா தெர்மினாதோ.’

தமிழில் ‘என்று’ போட்டால் அவன் சொன்ன சொல்லை அப்படியே வைக்கலாம். முடித்திருப்பேன் என்று தன்மையில் இருந்தாலும் யாருக்கும் குழப்பமில்லை. ஸ்பானியத்தில் ‘கே’ போட்டதும் ஆளும் மாறும், காலமும் மாறும். அவன் சொன்னபோது எதிர்காலமாக இருந்தது, இப்போது கடந்த காலத்திலிருந்து பார்த்த எதிர்காலம். ஆகவே அப்ரே (நான் முடித்திருப்பேன் என்பதற்குரிய எதிர்கால வடிவம்) அப்ரீயாவாக மாறுகிறது. அவன் உண்மையில் முடித்தானா இல்லையா என்பது இந்த வாக்கியத்தில் தெரியாது.

‘கதைத்திருக்க வேண்டும்’, ‘கதைத்திருக்கலாம்’ இரண்டும் இதே காலமா?

இல்லை. கதைத்திருக்க வேண்டும் என்பதற்கு தெபெரீயா அபேர் அப்லாதோ. கதைத்திருக்கலாம் என்பதற்கு பொத்ரீயா அபேர் அப்லாதோ. அபேர் திரியாமல் நிற்கும், முன்னால் வரும் வினைதான் ஆள் காட்டும்.

ஒருவரைக் குறை சொல்லாமல் ஆலோசனை சொல்ல மட்டும் இந்தக் காலம் நேரடியாக வரும்: ‘யோ அப்ரீயா எஸ்பெராதோ’, நானென்றால் பொறுத்திருப்பேன்.

ஒழுங்கற்ற வினைகள்?

இந்தப் பக்கம் ஒழுங்கானவற்றுக்குத்தான், ஆனால் அடிக்கடி வருபவை சில: சொல் என்பதற்கு தீச்சோ, செய் என்பதற்கு ஏச்சோ, பார் என்பதற்கு வீஸ்தோ, எழுது என்பதற்கு எஸ்க்ரீத்தோ, திற என்பதற்கு அபியேர்த்தோ, வை என்பதற்கு புவேஸ்தோ, திரும்பு என்பதற்கு வுவேல்த்தோ, உடை என்பதற்கு ரோத்தோ. துணைவினைப் பக்கம் ஒன்றும் மாறாது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சாதாரண நிபந்தனைக் காலத்தில் தொல்லை தரும் தெனேர், சலீர், வெனீர், பொதேர், சபேர் எல்லாம் இங்கே ஒழுங்காகிவிடுகின்றன: தெனீதோ, சலீதோ, வெனீதோ, பொதீதோ, சபீதோ.

‘சி’ இல்லாமல் சுருக்கமாகச் சொல்ல வழி உண்டா?

உண்டு. ‘தே’ என்ற சொல்லுக்குப் பின்னால் திரியாத அபேரை வையுங்கள்: ‘தே அபேர்லோ சபீதோ, அப்ரீயா யமாதோ.’ அது தெரிந்திருந்தால் அழைப்பு எடுத்திருப்பேன். உபியேரா வடிவங்கள் இன்னும் வாயில் வராதவர்களுக்கு இது பெரிய உதவி.

செய்தியில் ‘அப்ரீயா ஃபிர்மாதோ’ என்று வாசித்தேன். கையெழுத்திடவில்லை என்று பொருளா?

அங்கே பொருள் வேறு. ‘எல் மினீஸ்த்ரோ அப்ரீயா ஃபிர்மாதோ எல் அக்குவேர்தோ’ என்றால் அமைச்சர் உடன்பாட்டில் கையெழுத்திட்டதாகக் கூறப்படுகிறது, நாங்கள் உறுதிப்படுத்தவில்லை என்று பொருள். உறுதியில்லாத தகவலைக் கைகழுவித் தரும் நடை. நாளிதழ்களின் நடைக்கையேடுகள் சில இதை விரும்புவதில்லை. வாசிக்கத் தெரிந்திருங்கள், எழுதப் பழக வேண்டாம்.

என் பாடநூலில் அந்தெபோஸ்ப்ரெத்தேரித்தோ என்று ஒரு பெயர் இருக்கிறது. அது என்ன?

இதே காலம்தான். கரகாஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெயோ 1847இல் வெளியிட்ட இலக்கண நூலில் வைத்த பெயர். மெக்சிக்கோ போன்ற நாடுகளின் பாடநூல்களில் இன்றும் காணலாம்.

டெலே என்ற ஸ்பானிய மொழித்திறன் தேர்வுக்கு இது எந்த நிலையில் வேண்டும்?

அந்தத் தேர்வை நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் பி2 நிலை, அதாவது பி1க்கு அடுத்தது. சாதாரண நிபந்தனை வடிவம் (அப்லரீயா) பி1இல் வந்துவிடும். பி1 எழுதப் போகிறவர்கள் அதில் நேரத்தைச் செலவிடுங்கள், இந்தக் காலத்தை வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வைத்திருந்தால் போதும்.